மார்புக்குள் ஒரு கத்திரிக்கோல்

பெரியவரின் நெஞ்சுக்குள் ஒரு கத்திரிக்கோல் இருந்தது.

கதை விடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரிந்தது. இந்தப் பக்கம் இதயம், அந்தப் பக்கம் நுரையீரல், நடுவே விலா எலும்புகளின் மேல், கைப்பிடி மேலாக, லேசாக வாயைத் திறந்துகொண்டு தொங்கும் ஒரு கத்திரிக்கோல். அதன் ஒரு முனை உடைந்திருப்பதுகூடத் தெரிந்தது.

"ஆபரேஷன்ல உள்ள வெச்சுத் தெச்சிருப்பாங்களோ?" என்றான் பேட்டரி.

"அந்த மனுஷனுக்கு எழுபத்தெட்டு வயசு. உடம்புல கத்தியே பட்டதில்லையாம்." கிளினிக்கின் பெரிய டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். "உடனே இன்னொரு படம் எடுத்தோம். அதுல கத்திரிக்கோல் இல்ல."

"அப்ப நடுவுல இருமித் துப்பியிருப்பாரு."

"பேட்டரி," என்றார் சுவர் மேடம். அவ்வளவுதான். அவன் வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது வேறு விஷயம்.

சுவர் மேடத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் மற்றவர்கள் மனிதர்களைப் பார்ப்பார்கள், இவர் சுவரைப் பார்ப்பார். எக்ஸ்ரே அறைகளுக்குச் சுவர்க் கணக்குப் போடுவதுதான் அவர் தொழில். எந்தச் சுவருக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஈயத் தகடு, எந்தக் கதவுக்கு எவ்வளவு, எது செங்கல்லோடு போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். எங்கேயாவது கசிந்தால் மோப்பம் பிடிக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கசிவை அளக்கும் மீட்டர் பெட்டியைப் பதினோரு வருடமாகத் தூக்கி வருபவன் பேட்டரி. நாற்பது வயது, முன்வழுக்கை, சார்ஜ் இறங்காத நாக்கு.

"இந்தப் படத்தை எடுத்த கேசட் எது?" என்று கேட்டார் மேடம்.

எக்ஸ்ரே டெக்னீசியன் படம் பதியும், அட்டைப் பலகை போன்ற கேசட்டை நீட்டினாள். காலையிலிருந்து மாலைவரை "மூச்சை இழுத்துப் பிடிங்க, மூச்சை விடுங்க" என்றே சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தத் தெருவுக்கே அவள் மூச்சக்கா.

"இது உபரி கேசட், மேடம். கூட்டம் அதிகமா இருந்தா மட்டும் எடுப்பேன். பழைய பதிவை அழிச்சுட்டுத்தான் போடணும். அந்த வியாழக்கிழமை வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு, அழிக்க மறந்துட்டேன். தப்புதான்."

"எங்க வெச்சிருந்தே?"

"இந்த ரூமுக்குள்ள வெச்சா எக்ஸ்ரே பட்டுக் கெட்டுடும்னு பக்கத்து ரூம் அலமாரியில வெச்சிருந்தேன். பத்திரமா."

அந்தப் 'பத்திரமா' மேடத்தின் காதில் முள்ளாக இறங்கியது.

"போன வாரம் இங்க யாருக்காவது கத்திரிக்கோல் காணாம போச்சா?"

பெரிய டாக்டர் விழித்தார். மூச்சக்காவின் கண்கள் மெல்ல விரிந்தன. "ஹலோவுக்கு!"

*

ஹலோ என்பது டெலிபோன் எடுக்கும் பெண். பக்கத்து அறையில் இரண்டு போன்கள், ஒரு நோட்டு, ஒரு மின்விசிறி, இவற்றுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறை.

"ஆமா மேடம், ஒரு வாரமா காணாம இருந்துச்சு. கூட்டுற அம்மாவைக்கூடத் திட்டிட்டேன். வியாழக்கிழமை பாத்தா இருந்த எடத்துலயே இருக்கு! மாயம் மாதிரி."

கத்திரிக்கோல் அவள் தலைக்குப் பக்கத்தில், அலமாரிக்கு மேலே, ஆணியில் தொங்கியது. மேடம் தம் கையிலிருந்த கேசட்டை அலமாரியில் நிறுத்திச் சுவரோடு சாய்த்தார். கத்திரிக்கோல் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. எடுத்தார். மறுபடி வந்தது. ஒரு முனை உடைந்திருந்தது.

"ஆக, சுவருக்கும் கேசட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு வாரமா போட்டோவுக்கு நின்னிருக்கு," என்றான் பேட்டரி. "போட்டோ பிடிச்சவரு மட்டும் அந்தப் பக்கத்துலேர்ந்து பிடிச்சிருக்காரு."

சிரித்தது ஹலோ மட்டும்தான். சிரித்தபடியே எழுந்தாள். அப்போதுதான் மேடம் அவள் வயிற்றைப் பார்த்தார்.

"எத்தனை மாசம்மா?"

"அஞ்சு."

"இந்த நாற்காலியில எத்தனை மாசம்?"

"நாலு. முன்னாடி ஹால்லதான் இருந்தேன். எல்லாரும் மூஞ்சிக்கு நேரா இருமுவாங்களா, நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச வாரமே எங்க அத்தை டாக்டர்கிட்ட வந்து நின்னுட்டாங்க. 'என் மருமகளை உள்ள எங்கயாச்சும் உக்கார வையுங்க'ன்னு. இது ஸ்டோர் ரூமா சும்மா கெடந்துச்சு. டாக்டரும் நல்ல மனசோட ஒழிச்சுக் குடுத்தாரு."

மேடம் வாசலைக் காட்டினார். "நீ இப்ப ஹாலுக்குப் போ. போனையும் தூக்கிட்டுப் போ. நான் சொல்றவரைக்கும் இந்த ரூமுக்குள்ள வராதே."

"ஏன் மேடம்?"

"சுவரைப் பாக்கணும்." பொய்யில்லை. ஆனால் உண்மையில் பாதிதான். ஹலோவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பேட்டரி அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு விரைந்திருந்தான். அவன் அப்படி முந்திக்கொண்டு வேலைக்குப் போய் மேடம் பார்த்ததே இல்லை.

*

எக்ஸ்ரே அறை வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் அறையின் வரைபடம் தொங்கியது. கீழே 'கணக்கிட்டவர்' என்ற இடத்தில் மேடத்தின் கையெழுத்து. கொக்கி போட்ட கடைசி எழுத்து, நாள், முத்திரை எல்லாம் சரியாக.

ஒரு சுவருக்கு எவ்வளவு ஈயம் வேண்டும் என்பதற்கு மேடம் மூன்று கேள்வி கேட்பார். மெஷின் ஒரு வாரத்தில் எவ்வளவு வேலை செய்கிறது? அதில் எத்தனை பங்கு இந்தச் சுவரைப் பார்த்துச் சுடுகிறது? சுவருக்குப் பின்னால் யார், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? நாள் முழுக்க ஆள் உட்காரும் அறைக்கு ஒரு எண். எப்போதாவது யாராவது எட்டிப் பார்க்கும் ஸ்டோர் ரூமுக்கு அதில் மிகச் சிறிய பங்கு. மூன்றாவது கேள்வியில் பொய் நுழைந்தால் மற்ற இரண்டும் சரியாக இருந்தும் பயனில்லை.

'ஸ்டோர் ரூம்னு நம்பி நான்தான் ஈயத்தைக் குறைச்சுட்டேனா?' மேடம் வரைபடத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"காண்ட்ராக்டர் கைவரிசை மேடம்," பேட்டரி உள்ளேயிருந்து கத்தினான். "தகட்டை முழுங்கிட்டான். ஈயம் சீக்கிரம் ஜீரணமாகாது, வயித்தைத் தட்டிப் பாத்தா சத்தம் வரும்."

மேடம் வரைபடத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். நெஞ்சுப் படம் எடுக்க நோயாளி சாய்ந்து நிற்பாரே, அந்த ஸ்டாண்ட், வரைபடத்தில் வெளிச்சுவர்ப் பக்கம் இருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் முற்றம், ஆள் நடமாட்டம் இல்லை. ஆனாலும் நேராகச் சுடும் பக்கம் என்று இரண்டு மில்லிமீட்டர் ஈயம் எழுதியிருந்தார். இந்தப் பக்கம், ஹலோவின் சுவர், சிதறி வருவதை மட்டும் தாங்கினால் போதும் என்று அரைச் செங்கல்.

அறையிலோ ஸ்டாண்ட் ஹலோவின் சுவரோடு நின்றது.

அப்பாடா, என்று ஒரு மூச்சு அவரை அறியாமல் வெளியே வந்தது. கணக்கு தப்பில்லை. ஈயமும் இருக்கிறது. மெஷின் அல்லவா திரும்பி நிற்கிறது! வந்த மூச்சு முடிவதற்குள் வெட்கம் வந்தது. அஞ்சு மாசப் பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் இருக்கிறாள், தான் முதலில் தேடியது தன் கையெழுத்துக்குக் காவலையா?

"ஸ்டாண்ட் எப்பலேர்ந்து இங்க நிக்குது?"

"ஆரம்பத்துலேர்ந்தே அங்கதான், மேடம்," என்றான் பேட்டரி, மூச்சக்கா வாயைத் திறக்கும் முன்பே. "பிளானைத்தான் தலைகீழா மாட்டியிருக்காங்க."

"பிளான்ல கதவும் இருக்குப்பா. கதவும் தலைகீழா நடந்து போயிடுச்சா?"

மூச்சக்கா மேடத்தைப் பார்க்கவில்லை. பேட்டரியைப் பார்த்தாள்.

மேடம் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டே பேட்டரியிடம் போனார். பதினோரு வருடத்தில் அவன் மீட்டர் பெட்டியைத் தரையில் வைத்ததே கிடையாது. ஈரம் ஏறும், கால் இடிக்கும் என்று மேஜையைத் தேடுவான், மேஜை இல்லாவிட்டால் மடியில் வைத்துக்கொள்வான். இன்றைக்கு மேஜை காலியாக இருந்தது. பெட்டி வெளிச்சுவர் ஓரமாகத் தரையில் இருந்தது.

"பெட்டியைத் தூக்கு."

"இருக்கட்டும் மேடம், முதுகு பிடிச்சிருக்கு."

"தூக்குடா."

தூக்கினான். கீழே தரையில் நாலு போல்ட் துளைகள், புது சிமெண்ட்டால் அடைத்து, பழைய தரைமேல் வெள்ளையாக. ஒரு ஸ்டாண்டின் நாலு கால்கள் நின்ற இடம்.

"நான்தான் மாத்தினேன் மேடம்." மூச்சக்காவின் குரல் சின்னதாக வந்தது. "பழைய எடத்துல கதவைத் திறந்தா நேரா ஸ்டாண்ட். பொம்பளைங்க மேல்துணி இல்லாம நிக்கும்போது யாராவது கதவைத் தள்ளிட்டு வந்துடுவாங்க. ஒரு அம்மா அப்படியே குறுகிப்போய் அழுதாங்க. அன்னிக்கே முடிவு பண்ணினேன். இங்கேன்னா கதவு மறைச்சுக்கும்."

"நல்ல எண்ணம்தான். ஆனா யாரைக் கேட்டு மாத்தினே?" மேடத்தின் குரல் உயர்ந்தது. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு கிளினிக்கிலும் அவர் சொல்லும் பாடம் அது. நாற்காலியை நகர்த்தினால்கூட எனக்குச் சொல்லு. "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்தப் பக்கம் ஒரு உயிர், ரெண்டு உயிர் உக்காந்திருக்கே!"

மூச்சக்கா நிமிர்ந்தாள்.

"கேட்டேனே மேடம். உங்களைத்தான் கேட்டேன்."

மூச்சக்கா அந்த நாலு துளைகளைக் காலால் காட்டினாள்.

"அப்ப அவ ஹால்லதான் இருந்தா. போன் பண்ணி, ஸ்டாண்டை எதிர்ச் சுவருக்கு மாத்திக்கலாமான்னு கேட்டேன். அந்தப் பக்கம் யாருன்னு கேட்டீங்க. யாருமில்ல, ஸ்டோர் ரூம்னேன். 'அப்ப மாத்திக்கோ, அடுத்த வாரம் வந்து கணக்கைத் திருத்தித் தரேன்'னு சொன்னீங்க. அப்புறம் டாக்டர் அவளை உள்ள உக்கார வெச்சப்ப, நீங்க வந்து பாத்துட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சுட்டேன். நான் லீவுல இருந்த நாள்ல வந்திருப்பீங்கன்னு."

மேடம் நினைவைத் துழாவினார். அப்படி ஒரு பேச்சே அகப்படவில்லை. ஒரு நாளைக்கு அஞ்சு போன், ஆறு போன். மெதுவாகப் பேட்டரியின் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னேனா?"

பேட்டரி வழுக்கையைத் தடவினான்.

"வேன்ல போயிட்டிருந்தோம். போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்க. மடியில வேற கிளினிக் பிளான். பென்சிலைத் தேடிக்கிட்டே பேசினீங்க, பென்சில் காதுல இருந்துச்சு."

"ஞாபகப்படுத்தலையே நீ?"

"ஒரு தடவை சொன்னேன். போற வழிதானே, பாத்துக்கலாம்னீங்க. அப்புறம் நானும் மறந்துட்டேன் மேடம். இன்னிக்கு அவ ஸ்டோர் ரூம்னு சொன்னதும்தான் உறைச்சுது, ஓடி வந்து பாத்தா நாலு ஓட்டை. பெட்டியை வெச்சு மூடிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "எழுத்துல ஒண்ணும் இல்ல. பேச்சுதான். நாம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன் மேடம்," என்றாள் மூச்சக்கா. "நான் கேட்டதுக்கு நல்லதுக்குத்தானே சரின்னு சொன்னீங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குப் பதிலாக ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

"தண்ணி கேன் இருக்கா?" என்று கேட்டார் மேடம். "கொண்டா. அளக்கணும்."

*

நோயாளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய கேனை ஸ்டாண்டுக்கு முன்னால் முக்காலியில் நிறுத்தினார்கள். ஹலோவின் நாற்காலியில் மீட்டர். முதலில் தலை உயரத்தில் பத்துப் படம், பிறகு வயிற்று உயரத்தில் பத்துப் படம். மூச்சக்கா பழக்கதோஷத்தில் கேனைப் பார்த்து "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, பேட்டரியும்கூட.

தலை உயரத்தில்தான் அதிகம். மேடம் அதையே எடுத்துக்கொண்டார். பத்துப் படத்துக்கு 0.9 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு. ரிஜிஸ்டரைப் புரட்டி, நாலு மாதத்தில் எடுத்த நெஞ்சுப் படங்களை ஒவ்வொரு பக்கமாக எண்ணினார். நாலாயிரத்து இருநூறு. பெருக்கினார். மறுபடி பெருக்கினார். மூன்றாவது தடவையும் முந்நூற்று எழுபத்தெட்டு என்றே வந்தது.

பெரிய டாக்டர் வாசலில் வந்து நின்றார். மூச்சக்கா ஸ்டாண்டை மாற்றிய கதைவரை அவர் காதுக்குப் போயிருந்தது.

"டெக்னீசியன் யாரையும் கேக்காம மாத்திட்டாங்கன்னு எழுதிடுங்க மேடம். நான் ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்துடறேன், முடிஞ்சது. இல்லேன்னா உங்க லைசென்ஸ் வரைக்கும் போகும். இருநூறு கிளினிக்குக்கு அப்புறம் யாரு சுவர்க் கணக்குப் போடுவாங்க?"

சத்தியமாகச் சொன்னால், ஒரு நிமிடம் அந்த வாக்கியம் மேடத்துக்கு இனித்தது. கைப்பிடி வைத்துச் செய்து கொடுத்த மாதிரி இருந்தது, எடுத்துக்கொண்டால் போதும். அப்போது மூச்சக்கா கேனிலிருந்த தண்ணீரை வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாதி தண்ணீர் தரையில் போயிற்று.

"கேட்டாங்க டாக்டர்," என்றார் மேடம். "என்னைக் கேட்டாங்க. நான்தான் சரின்னேன். ஸ்டாண்ட் இன்னிக்கே பழைய எடத்துக்குப் போகணும். கதவுக்கு உள்ளே ஒரு திரை போடுங்க, மானமும் போகாது."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் அவரைத் தாண்டி ஹாலுக்குப் போய்விட்டார்.

ஹலோ இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த ஒருவருக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். மேடம் அவள் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. கத்திரிக்கோல், கேசட், ஸ்டாண்ட், போன் எல்லாவற்றையும் சொன்னார். 'நான்' என்ற இடத்தையும் தாண்டிப் போகாமல் சொன்னார்.

"வயித்துல இருக்கற குழந்தைக்கு, அம்மா தான் கர்ப்பம்னு சொன்னதுலேர்ந்து பிரசவம் வரைக்கும், ஆயிரம் மைக்ரோ தாண்டக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நான் அளந்ததுல இருக்கறதுலயே அதிகமானதை எடுத்து, நீ ஒரு படத்துக்குக்கூட எழுந்து போகலைன்னு வெச்சுக் கணக்குப் போட்டா முந்நூத்தி எழுபத்தெட்டு வருது. வரம்புக்குள்ளதான் இருக்கு. பயப்படற அளவு இல்லம்மா. இந்தத் தாளை உன் பிரசவ டாக்டர்கிட்டக் காட்டு, அவங்களும் பாக்கட்டும்."

ஹலோ தாளை வாங்கினாள். எண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. அழவும் இல்லை, அழுதிருந்தால் மேடத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க அத்தை எனக்கு நல்லதுன்னு கேட்டாங்க. டாக்டரும் நல்லதுக்குத்தான் குடுத்தாரு. அக்கா அந்தப் பொம்பளைங்களுக்காக மாத்தினாங்க," என்றாள் மெல்ல. "எல்லாரும் நல்லதுதான் செஞ்சிருக்கீங்க."

தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"சொன்ன மாதிரி அடுத்த வாரம் நீங்க வந்து பாத்திருந்தா, இந்த எடத்துல எவ்வளவு வந்திருக்கும்?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்காத கணக்கு. காகிதம் தேவைப்படவில்லை, பென்சிலும் தேவைப்படவில்லை.

"அந்தச் சுவருக்கும் ஈயம் போட்டிருப்பேன். ஒண்ணும் வந்திருக்காது."

"அப்ப அதையும் எழுதுங்க மேடம். பக்கத்துலயே."

தாளைத் திருப்பி நீட்டினாள். பேட்டரி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து மேடத்தின் கையில் வைத்தான். மேடம் முந்நூற்று எழுபத்தெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். அதன் கீழே, யார் வராததால் என்று எழுத வேண்டிய இடத்தில், சுருக்காமல், கொக்கி போடாமல், படிக்கிற மாதிரித் தம் முழுப் பெயரை எழுதினார்.